மூன்று விரல்

கட்டிங் மாஸ்டர் வீட்டில் துணி வெட்டும்போதெல்லாம் சாமிப் பாட்டு கேட்கும். தெருவில் போகிறவர்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "என்னா பக்தியான குடும்பம்யா, வேலையிலகூட சாமியை விடறதில்லை" என்று மெச்சிக்கொண்டு போவார்கள். மெச்சுவதற்கு என்ன, வாய்க்கு வாடகையா கேட்கிறார்கள்.

பாடுகிறவள் மாஸ்டரின் ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு அப்பாவுக்குக் கைவேலையாக நிற்கிறாள். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜாக்காரி அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மாவே கோபம் வந்தால் "அடியே ரேடியோ" என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. பாதிக் கூடத்தை மேசையே அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு மூலையில் காஜாக்காரியின் மெஷின், இன்னொரு மூலையில் அம்மாவின் இஸ்திரிப் பலகை. வெயில் காலம் முடியப் போகிறதென்றால் பள்ளிச் சீருடை வேலை வந்து குவியும். நீலத்துணி, நீலத்துணி, அதை விட்டால் நீலத்துணி. மூக்கைச் சிந்தினால் நீலமாக வரும். ரேடியோ துணியை அடுக்கடுக்காக விரிப்பாள். மேலடுக்கில் அட்டை வைத்து சாக்பீஸால் கோடு போடுவாள். அப்புறம் மாஸ்டர் எழுந்து வந்து, நிமிர்ந்து நிற்கும் கத்தி உள்ள வெட்டு மெஷினை வலது கையால் பிடித்து ஓட்டுவார். இடது கை கத்திக்கு முன்னால் துணியை அமுக்கிக்கொண்டே போகும். நாற்பது சட்டைக்கான துணி ஒரே வெட்டில் விழும்.

உற்றுப் பார்த்தால் சில விஷயங்கள் இடிக்கும். ரேடியோ போடும் கோடு விரல் தடிமன் இருக்கும். வேறு பட்டறையில் அப்படிக் கோடு போட்டால் முதுகில் ஒன்று விழும். துணி அமுக்கும் கைக்கு ஒரு இரும்பு வலைக் கையுறை உண்டு. இருபது வருஷம் அதைக் கழற்றாத மாஸ்டர், இந்த ஒரு வருஷமாக அதை ஆணியில் மாட்டியே வைத்திருந்தார். வெறும் விரலால்தான் துணியைத் தடவிக்கொண்டு போவார். பாட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. கத்தி நேர்க்கோட்டில் போகிறவரை ரேடியோ சரணம் பாடுவாள். வளைவு நெருங்கினால் பல்லவிக்குத் தாவிவிடுவாள். கோடு முடிகிற இடத்தில் குரலை இழுத்து நிறுத்துவாள். அவள் நிறுத்தினால் மெஷினும் நிற்கும்.

மாஸ்டருக்குக் கண் தெரியாது. அதுதான் விஷயம்.

சுத்தமாகத் தெரியாது என்றில்லை. கண்ணாடி போட்டால் தெரியும். சோடாப்புட்டிக் கண்ணாடி. போட்டால் ஊசியில் நூல் கோப்பார். கழற்றினால் ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பது மனுஷனா மரமா என்று தெரியாது. அந்தக் கண்ணாடிதான் இப்போது சபைக் கூடத்தின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் போவது ஒரு சின்னச் சபை. இரும்புக்கடைக்கு மேலே மாடியில் கூடம். எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் வந்து நிற்கும். போதகரும் மோசமானவர் இல்லை. தான் சொல்வதை நம்பிச் சொல்கிற மனுஷன். அதுதான் கஷ்டமே. ஏமாற்றுக்காரனாக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஜெபத்தில் குணமானவர்கள், அதுவரை துணையாக வைத்திருந்த பொருளை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். சுவர் நிறைய ஆணிகள். ஒரு ஊன்றுகோல், ஒரு இடுப்புப் பட்டை, ஒரு காது மெஷின், கைத்தடிகள்.

போன வருஷம் மாஸ்டர் மேடையேறிய அன்று அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது ரேடியோதான். போதகர் அவர் கண்ணில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். கூடமே அழுதது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார், மாஸ்டர் கொடுத்தார். பிறகு போதகர் மேடையின் அந்தக் கோடிக்குப் போய்க் கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க மாஸ்டர். எத்தனை விரல்?"

முன்வரிசையில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரேடியோவின் கைக்குள் அப்பாவின் உள்ளங்கை வேர்த்து நனைந்தது. இத்தனை பேர் முன்னால் அப்பா தோற்றுப்போவதை அவளால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான், வேறு யோசனையே இல்லை. அவர் உள்ளங்கையில் மூன்று தடவை அழுத்தினாள்.

"மூணு" என்றார் மாஸ்டர்.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். அம்மா அப்படியே தரையில் விழுந்து அழுதாள். அப்பா ரேடியோவின் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகு வாயைத் திறக்க முடியுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை ஆகிவிட்டது. வீட்டில் மூன்று பேரும் பூசணிக்காயைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார்கள். "முழுசாத் தெரிய கொஞ்ச நாள் ஆகும்" என்று அம்மா சொன்னாள். மாஸ்டர் வாசற்படியில் இடித்துக்கொண்டால் படியைத் திட்டினாள். முதல் மாதம் ஒரு கட்டுத் துணி கோணலாக விழுந்தது. அப்புறம் ஒருநாள் ரேடியோ தற்செயலாகப் பாடிக்கொண்டிருந்தாள். கத்தி கோட்டைத் தாண்டப் போவதைப் பார்த்துத் திக்கென்று பாட்டை நிறுத்தினாள், அவரும் நிறுத்தினார். மறுநாளும் அப்படியே. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. காஜாக்காரிக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் ஒரு தடவை, "நல்லாப் பாடுடி. உன் தொண்டையிலதான் உங்கப்பன் கை இருக்கு" என்றாள்.

சீருடை வேலை உச்சத்தில் இருந்த வாரம் போதகரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். அந்தச் சபையில் பதினெட்டு வயசு ஆகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையேறி ஒரு சாட்சி சொல்ல வேண்டும், தன் கண்ணால் கண்ட ஒன்றை. சொன்னால்தான் சபையில் ஒரு ஆளாக எண்ணுவார்கள். சொல்லப்போகிறவர் அதற்கு முந்தின வியாழக்கிழமையிலிருந்து மேடையேறும்வரை மௌனமாக இருக்க வேண்டும். பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது.

"நீ எங்கயும் தேட வேண்டியதில்லைம்மா" என்றார் போதகர். "அப்பா கண்ணு திறந்தப்ப பக்கத்துல நின்னது நீ. அதைச் சொன்னாலே போதும். நம்ம சபைக்கே பலம்."

"எம் பொண்ணு நல்லாச் சொல்லுவாங்கய்யா" என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது அவள் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மாஸ்டர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"அன்னைக்கு மேடையில..."

"சாட்சியை முன்கூட்டியே சொல்லக்கூடாதும்மா" என்று அவர் சட்டென்று வெட்டினார். "எதுவா இருந்தாலும் மேடையில சொல்லு. எண்ணெய்த் துணி எங்க?"

துணி அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தாள்.

வியாழன் காலை வீடு எழவு வீடு மாதிரி இருந்தது. "என்னடி, ரேடியோவுக்கு பேட்டரி போச்சா?" என்று காஜாக்காரி கேட்டாள். அம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டிய பிறகு அவள் முகம் மாறிவிட்டது. அன்று விரிக்கிற வேலையும் கோடு போடுகிற வேலையுமாக ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை வெட்டியாக வேண்டும். தையல்காரர்கள் வெட்டுத்துணிக்காகக் கைகட்டி உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா இஸ்திரியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "என்னங்க, ஞாயித்துக்கிழமை போகட்டுமே. அதுவரைக்கும் மெஷினைத் தொடாதீங்களேன்."

"ஏன்?"

அம்மா மேசையில் கிடந்த துணியை நீவிவிட்டாள். அந்த 'ஏன்'-க்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் வாய் கிடையாது.

"நான் வேணா பாடட்டுமா? ச்சும்மா... வேலை அலுப்புத் தெரியாம இருக்கும்."

"நீ பாடினா துணி தானாக் கிழிஞ்சிடும்" என்றார் மாஸ்டர். காஜாக்காரி சிரித்தாள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கண்ணு இருக்கிறவனுக்குப் பாட்டு எதுக்கு? போ, போய் வேலையைப் பாரு."

அந்த நேரம் பார்த்துப் போதகர் வீட்டம்மா வந்து சேர்ந்தாள். மௌனம் இருக்கிற பிள்ளைக்குத் துணையாக மூத்த பெண்ணொருத்தி வந்து உட்காருவது உண்டு. நல்ல மனுஷி. பழம் வாங்கி வந்திருந்தாள். ரேடியோவின் தலையைத் தடவி, "இன்னும் ரெண்டே நாள் தங்கம். நடுவுல வாயைத் திறந்துட்டா அப்பாவோட சாட்சியே உடைஞ்ச மாதிரி ஆயிடும்" என்று அன்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டர் மெஷினைப் போட்டார்.

முதல் வெட்டு நேர்க்கோடு. தடவிக்கொண்டே போய் முடித்துவிட்டார். ரேடியோவுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது, தோள்பட்டையிலிருந்து அக்குள் வளைவு. எத்தனையோ ஆயிரம் தடவை வெட்டிய வளைவுதான். துணிக்காரன் இந்த முறை அகலம் கம்மியான துணி அனுப்பியிருந்தான். அட்டைகளை நெருக்கிப் போட்டுத்தான் கோடு இழுத்திருந்தாள். வளைவு வழக்கத்தைவிட நாலு விரல் முன்னாலேயே வந்துவிடும். மற்ற நாளாக இருந்தால் பல்லவி சொல்லியிருக்கும்.

கத்தி வளைவைத் தாண்டி நேரே போனது. இடது கை அதற்கு முன்னால், இல்லாத வளைவைத் தேடிக்கொண்டு நின்றது.

ரேடியோ கையிலிருந்த கத்திரிக்கோலால் மேசையைத் தட்டினாள். காஜாக்காரி எதையோ கீழே போட்டுவிட்டாள் என்று மாஸ்டர் நினைத்திருக்க வேண்டும், தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் வாயைத் திறந்தாள். எதிரே போதகர் வீட்டம்மா சிரித்த முகமாக, 'வேண்டாம் கண்ணு' என்பது போல உதட்டில் விரலை வைத்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். ரேடியோ ஒரு மூச்சு நேரம் வாயை மூடினாள். ஒரே ஒரு மூச்சு.

பிறகு "அப்பா!" என்று அலறினாள். அந்த அலறலும் அவர் அலறலும் ஒன்றாகத்தான் கேட்டன.

நீலத்துணியில் ரத்தம் சிவப்பாகத் தெரியவில்லை, கறுப்பாகத் தெரிந்தது. அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். காஜாக்காரிதான் மெஷினை அணைத்து, கிடைத்த துணியை எல்லாம் அந்தக் கையில் சுற்றி, தெருவில் இறங்கி ஒரு வண்டியை மறித்து நிறுத்தினாள். போகும்போது போதகர் வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்து, "இப்பப் பேசலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போதகர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே கலங்கியிருந்தது. கட்டிலருகே நின்று ஜெபித்தார். வெளியே வந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "வீட்டுக்குள்ள எங்கயோ ஒரு சந்தேகம் புகுந்திருக்கு. அதான் பார்வை முழுசா நிக்கல. யோசிச்சுப் பாருங்க" என்றார். அம்மா தலையாட்டினாள். அவர் படியிறங்கிப் போகிறவரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் நடைக்கூடத்துப் பெஞ்சில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ முன்னாடியே பாத்தியா?"

ரேடியோ தலையாட்டினாள்.

"பாத்துட்டு வாயைத் திறக்கலயா?"

"மௌனம்மா..." என்றாள். குரல் கரகரவென்று வந்தது.

அம்மா அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். "ஏன்டி திறக்கல? ஏன்டி திறக்கல?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் மட்டும் திறந்தேனா? எனக்குந்தான் எல்லாம் தெரியும்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அம்மா அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ தனியாகச் சபைக்குப் போனாள். வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். போதகர் மேடைக்குக் கூப்பிட்டார். "இந்தக் கஷ்டத்துலயும் சாட்சி சொல்ல வந்திருக்கா பாருங்க" என்றார்.

ரேடியோ மேடையேறி எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள். இவர்கள்தான் அவளுடைய ஊர், உறவு எல்லாம். இதைச் சொன்னால் நாளைக்கு எந்த வீட்டுப் பாத்திரமும் வாசலுக்கு வராது. தெரிந்தேதான் சொன்னாள்.

"அன்னைக்கு அப்பாவுக்கு எதுவும் தெரியல. மூணு விரல்னு நான்தான் அவர் கையில மூணு தடவை அழுத்திச் சொன்னேன். கண்ணால கண்ட சாட்சி இதுதான் எங்கிட்ட இருக்கு."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் இறங்கிச் சுவரிடம் போனாள். அப்பாவின் கண்ணாடி தொங்கிய ஆணி எட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஆடிய நாற்காலியை ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தாள். போதகர் வீட்டம்மா. அவள் முகத்தை நிமிர்த்தவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்டர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே மகளைக் கண்டுகொண்டார்.

"சபைக்குப் போனியா?"

"போனேன்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

பக்கத்துக் கட்டில்காரர் இருமி முடித்துத் தண்ணீர் குடித்து மறுபடி படுத்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா காப்பாத்தி வெச்சிருந்தேனேம்மா" என்றார் மாஸ்டர்.

"எதைப்பா? கண்ணு வந்துடுச்சுன்னு சொன்னதையா?"

"உன்னைத்தான்." அவர் குரல் உடைந்தது. "உன் கை என்ன, எனக்குத் தெரியாதா? நீ பொறந்த அன்னையிலேருந்து பிடிச்ச கை. நான் அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா, மேடையில பொய் சொன்ன பொண்ணுன்னு உன்னைத்தானே சொல்லுவாங்க. அந்தச் சபையில நீ எப்படி வாழுவே? எனக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சுன்னா உனக்கு ஒரு குறையும் வராது. அதான்."

ரேடியோவுக்கு அழக்கூட வரவில்லை. அப்பா தோற்கக்கூடாதென்று அவள் ஒரு வருஷம் பாடினாள். மகள் தோற்கக்கூடாதென்று அவர் ஒரு வருஷம் அந்தக் கத்திக்கு முன்னால் வெறும் கையை வைத்தார். இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்றார்கள். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்...

"நான் சொல்ல வந்தப்ப ஏம்பா தடுத்தே?"

"பயந்தேன்" என்றார் மாஸ்டர்.

அவள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். தூசி பிடித்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்து, அவர் தலையைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு காதிலும் மாட்டிவிட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழித்தார். பிறகு அவள் முகத்தில் பார்வை நின்றது. நெற்றி, கண், அடி வாங்கிய கன்னம் என்று நிதானமாகப் பார்த்தார்.

"வளந்துட்டியே" என்றார். "எப்ப வளந்தே?"

அந்த நேரத்தில் நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். "நீ வெளிய இரும்மா" என்றாள். "இருக்கட்டும்" என்றார் மாஸ்டர். நர்ஸ் கட்டுத்துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது, நனைத்து எடுத்தாள். ரேடியோ பழக்க தோஷத்தில் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் அந்த இடது கையை முகத்துக்கு நேரே தூக்கினார். கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார்.

"நீ அழுத்த வேண்டாம்மா" என்றார். "எனக்கே தெரியுது. மூணு."

"கையை ஆட்டாதீங்க" என்றாள் நர்ஸ்.